நிழற்பள்ளியின் சமையலறை

அரையாண்டு விடுமுறை முடிய நான்கு நாள் இருக்கும்போது கரிசல்மடை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குத் திறப்பு ஆணையத்திலிருந்து ஆணை வந்தது. பன்னிரண்டு பக்கம். அதில் ஒரு வரிதான் விஷயம்: "பள்ளிகள் வழக்கம்போல் திறக்கப்படும்." மிச்சமிருந்த பக்கங்கள் எல்லாம் அந்த 'வழக்கம்போல்' சாய்ந்துவிடாமல் இருக்க முட்டுக்கொடுத்த கம்புகள்.

தலைமையாசிரியை செண்பகவல்லி ஆணையை இரண்டு தடவை படித்தாள். ஐம்பத்திரண்டு வயது, கணக்கு டீச்சராக இருந்து மேலே வந்தவள். ஊரில் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்த காரியம் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஆடிக் காய்ச்சல் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆடியில் வந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் அது. அரசாங்கம் எண்ணும் எழுத்துமாக வேறு ஏதோ வைத்திருந்தது, அதை யாரும் சொல்வதில்லை. ஆடியில் வந்தது ஆவணியில் போகவில்லை. கார்த்திகையில் அடங்குவதுபோல் நடித்துவிட்டு மார்கழியில் மறுபடி எழுந்தது. பிள்ளைகளை இரண்டு நாள் இருமவைத்துவிட்டு விட்டுவிடும். ஐம்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் நெஞ்சில் ஏறினால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள்தான் அதற்கு வாகனம்.

காய்ச்சலுக்காகப் பல மாதம் பள்ளியைப் பூட்டிவைத்தும் நல்லது ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு நிவிதா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடுக்கப் போய்விட்டாள். பத்தாம் வகுப்பில் இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. மதியச் சாப்பாட்டை நம்பியிருந்த பிள்ளைகளின் கன்னம் ஒட்டிப்போயிருந்ததைச் செண்பகவல்லி கண்ணால் பார்த்திருந்தாள். ஆகவே திறக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. 'வழக்கம்போல்' என்ற சொல்தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

அன்று மதியம் திரையில் கூட்டம் நடத்தினார் மாவட்டத் திறப்பு அலுவலர் ஹரிபிரசாத். முப்பத்துநாலு வயது, பளிச்சென்ற சட்டை. திறப்பு அலுவலர் என்று பதவியையே உண்டாக்கி ஒருவரை உட்காரவைத்தால் அவர் எதையாவது திறந்துதானே ஆகவேண்டும்?

"யாரும் பயப்படத் தேவையில்ல. உங்க எல்லாப் பள்ளியோட நிழலையும் கணினியில ஓட்டிப் பார்த்தாச்சு. மாவட்டம் முழுக்கப் பச்சை. ஒரு சாவு வந்தாலும் சிவப்புன்னு நம்ம ஆணையமே விதி வச்சிருக்கு. எவ்வளவு கண்டிப்பு பாருங்க! அப்படியும் பச்சை."

நூற்றுப்பத்துத் தலைமையாசிரியர்கள் தலையாட்டினார்கள். நிழல் சொன்ன பிறகு மனுஷன் பேசுவது அநாகரிகம் என்று அது வந்த ஒரு வருஷத்தில் எல்லோரும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் செண்பகவல்லி கணினி ஆசிரியர் சேவியரை வரச்சொன்னாள்.

"சார், இந்த நிழற்பள்ளிய நான் உள்ள போய்ப் பார்க்கணும். பச்சைன்னு ஒரு பொட்டு மட்டும் காட்டுறாங்க. பொட்டுக்குப் பின்னால என்ன இருக்கு?"

சேவியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பார்க்கலாம் மேடம். யாரும் கேட்கிறதில்ல, அதனால யாரும் தடுக்கவும் இல்ல. நம்ம பள்ளியில அறுநூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க, இருபத்தோரு டீச்சருங்க. ஒவ்வொருத்தருக்கும் உள்ள ஒரு நிழல் இருக்கு. வயசு, உடம்பு, எந்த பெஞ்சு, யார் பக்கத்துல உட்காருவா, எல்லாம் போட்டிருக்காங்க. அந்த நிழல்களை அறுபது நாள் பள்ளிக்கு வரவச்சுப் பார்ப்பாங்க. அறுபது நாள் ஓட பதினோரு நிமிஷம்தான். காய்ச்சல் யார்கிட்ட இருந்து யாருக்குப் போகுது, யார் பிழைக்கிறா, எல்லாம் தெரிஞ்சிடும்."

"சரியா சொல்லுதா?"

"போன வருஷம் ரெண்டு கல்லூரியில ஓட்டினப்ப அச்சு அசலா சொல்லுச்சு. கருவி நல்ல கருவி மேடம். அதுல சந்தேகம் வேண்டாம்."

திரையில் பள்ளி விரிந்தது. கேட்டில் நிழல்கள் நுழைந்தன, பிரார்த்தனைக்கு நின்றன, வகுப்புக்குப் போயின. தன் நிழலையும் பார்த்தாள். மெலிந்திருந்தது, முழங்கால் வலி இல்லாமல் மாடிப்படி ஏறியது. பன்னிரண்டே முக்காலுக்கு நிழல்கள் தட்டோடு வரிசையில் நின்றன. தட்டில் சோறு விழுந்தது.

"நிறுத்துங்க சார். சோறு யார் போட்டா?"

சேவியர் பின்னால் ஓட்டிவிட்டு மறுபடி ஓட்டினார். சமையலறை காலியாக இருந்தது. அடுப்பு எரிந்தது, பானை கொதித்தது, கரண்டியைப் பிடித்த கை மட்டும் இல்லை. கழிப்பறை தானாகக் கழுவிக்கொண்டது. வேன் ஓட்டுநர் இல்லாமல் வந்து நின்றது. நாலரைக்குப் பிள்ளைகள் கேட்டைத் தாண்டியதும் பனிபோல் கரைந்தன. மறுநாள் ஒன்பது மணிக்குக் கேட்டிலேயே முளைத்தன.

"வீடு?" என்றாள்.

"இல்ல மேடம். பதிவேட்டுல மாணவி, ஆசிரியர்னு ரெண்டு கட்டம்தான். சத்துணவு வேற துறை. வேன் தனியார். வீடு யார் துறையின்னு இன்னும் முடிவாகல."

"ஆக, யார் சாவாங்களோ அவங்களை வெளிய நிறுத்திட்டு, யாரும் சாகலன்னு சொல்லியிருக்காங்க."

சேவியர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இருபது வருஷ அரசு வேலை அவருக்கு மௌனத்தை நன்றாகப் பழக்கியிருந்தது. இருந்தும் அவராகவே சொன்னார்: "மாணவியாச் சேர்த்தா உள்ள வந்திடுவாங்க."

அப்படித்தான் தலைமைச் சமையலர் பூங்கனி, வயது ஐம்பத்தெட்டு, சர்க்கரை நோய் உண்டு என்ற குறிப்போடு, ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் சேர்க்கப்பட்டாள். அவளோடு உதவியாளர்கள் இரண்டு பேர், துப்புரவு வேலைக்காரி ஒருத்தி, வேன் ஓட்டுநர் ஒருவர். பதினோரு நிமிஷம் ஓடியது. பொட்டு சிவப்பானது. இருபத்துமூன்றாம் நாள் ஆறாம் வகுப்பு மாணவி பூங்கனி இறந்திருந்தாள். நாற்பதாம் நாள் வேன் ஓட்டுநர்.

மறுநாள் அரிசி மூட்டை பார்க்க வந்த பூங்கனியிடம் செண்பகவல்லி மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும், அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

பூங்கனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இருவத்திமூணாம் நாளா பெரிய டீச்சர்? அன்னைக்கி பிள்ளைகளுக்குச் சோறு ஆச்சா?"

"ஆச்சு. அங்க நீ இல்லாமலே சோறு ஆகும்."

"நல்ல ஊரால்ல இருக்கு!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அதுக்காகப் பள்ளிக்கூடத்த மூடிப்புடாதீக. பசியோட அலையுதுக. நாஞ் சாவாம சமைக்கதுக்கு வழி உண்டுமான்னு அந்த மிசின்ட்ட கேளுங்க."

கேட்டார்கள். சேவியரும் செண்பகவல்லியும் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டார்கள். பாதிப் பிள்ளைகள் ஒருநாள், மீதி மறுநாள். வகுப்பறையைப் பூட்டிவிட்டு விளையாட்டுத் திடலில், வேப்பமரத்தடியில், சைக்கிள் கொட்டகையில் பாடம். சமைத்ததை வாளியில் எடுத்துத் திடலில் வைத்துவிட்டுச் சமையல்காரர்கள் விலகிவிடுவது, வகுப்புத் தலைவிகள் பரிமாறுவது. வேனில் ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிவிடுவது. நிழலை ஓட்டினார்கள். காய்ச்சல் ஒன்பது பேருக்கு, சாவு இல்லை. பொட்டு பச்சை.

ஆனால் பள்ளி எப்படித் திறக்கிறது என்று ஆணையத்துக்கு அனுப்பவேண்டிய படிவத்தில் இரண்டே பொத்தான்கள் இருந்தன. ஒன்று 'வழக்கம்போல்'. மற்றது 'மூடல்'.

ஞாயிற்றுக்கிழமை ஹரிபிரசாத் நேரிலேயே வந்தார். மாவட்டத்தில் ஒரு பள்ளி திடீரென்று சிவப்பாகிப் பச்சையாகியிருந்தால் சும்மா இருக்க முடியுமா?

"மேடம், அம்பத்தெட்டு வயசுல ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை எங்க இருக்கு? காட்டுங்க, பார்க்கலாம்."

"சமையலறையில இருக்கு சார். கூப்பிடட்டுமா?"

"விளையாடாதீங்க. பொய்யான சேர்க்கை, இது குற்றம்."

"சமைக்க ஆளே இல்லாம சோறு விழுறது பொய் இல்லையா சார்?"

ஹரிபிரசாத் பொறுமையான குரலுக்கு மாறினார். அதிகாரிகள் அந்தக் குரலுக்கு மாறினால் கேட்கிறவர்கள் முட்டாள்கள் என்று அர்த்தம். "மேடம், கருவி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுது. கேள்வி என்ன? 'மாணவிகளும் ஆசிரியர்களும் பத்திரமா இருப்பாங்களா?' பதில், இருப்பாங்க. மத்தவங்க விஷயத்தை மத்த துறை கேட்கட்டும். எல்லாத்தையும் நாமளே கேட்டா எப்பத் திறக்கிறது?"

"பாதிப் பாதியாத் திறக்கலாம் சார். மரத்தடியில. நிழலே சரின்னு சொல்லுதே, பாருங்க."

அவர் பார்க்கவில்லை. "பாதிப் பாதின்னா அது வழக்கம்போல் இல்லையே மேடம். வழக்கம்போல்னு ஆணையத் தலைவர் பத்திரிகைக்குச் சொல்லியாச்சு."

சொல்லிக்கொண்டே பூங்கனியையும் மற்ற நான்கு பேரையும், மரத்தடி ஏற்பாட்டையும் அழித்தார். ஆறாம் வகுப்பு 'பி' பிரிவு பழையபடி ஆனது. போகும்போது, தினமும் மாலையில் வருகை அறிக்கை வரவேண்டும், அது நிழலோடு எவ்வளவு பொருந்துகிறது என்றுதான் பார்ப்போம், பொருந்தாத பள்ளிக்கு விளக்கம் கேட்போம் என்று நினைவூட்டினார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. மரத்தடியில், கொட்டகையில், பாதிப் பாதியாக. செண்பகவல்லி 'வழக்கம்போல்' பொத்தானை அழுத்தினாள். மாலையில் என்ன அறிக்கை அனுப்புவது என்று சேவியர் கேட்டபோது சொன்னாள்: "அவங்களுக்கு நிழலோட பொருந்தணும். அவ்வளவுதானே? நிழலையே அனுப்பிடுங்க."

அன்றிலிருந்து தினமும் மாலை நிழற்பள்ளியின் வருகைப் பதிவு, நிஜப் பள்ளியின் பெயரில், ஆணையத்துக்குப் போயிற்று. ஆணையம் தன் நிழலையே திரும்ப வாங்கி, தன் நிழலோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு நூறு என்று மகிழ்ந்தது.

நிஜப் பள்ளியும் மோசமாக நடக்கவில்லை. கரிசல் புழுதி கிளம்பி நோட்டெல்லாம் கறுத்தது. மழை வந்த இரண்டு நாள் பாடம் இல்லை. கரும்பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அறிவியல் டீச்சர் மரத்துக்கு மரம் போனாள். நிவிதாவின் அப்பாவைச் செண்பகவல்லி மூன்று தடவை தெருவில் வைத்துச் சத்தம்போட்டாள், நான்காம் தடவை அந்தப் பிள்ளை வந்துசேர்ந்தது. ஏழு பேருக்குக் காய்ச்சல் வந்து போனது. இருபத்துமூன்றாம் நாள் பூங்கனி சாம்பார் வாளியைத் திடலில் வைத்துவிட்டு, தூரத்திலிருந்து, "பெரிய டீச்சர், இன்னைக்கி நான் இருக்கேன்!" என்று கத்தினாள்.

செண்பகவல்லிக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு நான்கு நாள்தான்.

ஐந்து கிலோமீட்டர் தள்ளி பனையடிக்குளம் பள்ளி. அங்கே வழக்கம்போல்தான் திறந்திருந்தார்கள். ஆணையை அப்படியே நம்புகிற நல்ல மனிதர் அதன் தலைமையாசிரியர். அங்கே பத்தொன்பது வருஷமாகச் சமைத்த முத்துப்பேச்சிக்குக் காய்ச்சல் கண்டு, ஆறாம் நாள் மூச்சு நின்றது. பூங்கனியின் கூடப்பிறந்த தங்கை அவள்.

பனையடிக்குளத்தின் பொட்டு பச்சையாகவே இருந்தது. மறுநாளும் தட்டில் சோறு விழுந்தது.

எட்டு நாள் கழித்து வேலைக்கு வந்த பூங்கனி நேராகத் தலைமையாசிரியை அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"சாவாம சமைக்க வழி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமா பூங்கனி."

"அந்தா இருக்கு பனையடிக்குளம். அங்க ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்லா?"

செண்பகவல்லியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொல்லலாம் என்று எடுத்த போனை இரண்டு முறை வைத்திருந்தாள். அந்த நல்ல மனிதர் ஆணையத்திடம் கேட்டுவைப்பார், கேட்டால் இங்கே நடப்பது வெளியே வரும், தன் மரத்தடியும் போகும் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஹரிபிரசாத் சமையலறையை விட்டுவிட்டு மீதியை மட்டும் எண்ணினார். அவள் பனையடிக்குளத்தை விட்டுவிட்டு மீதியை எண்ணியிருந்தாள். பழைய கணக்கு டீச்சரான அவளுக்கு அந்த ஒற்றுமை விளங்காமல் இல்லை.

"பயந்துட்டேன்," என்றாள்.

"நீங்க பயந்தீக. அவ போயிட்டா," என்று சொல்லிவிட்டு பூங்கனி அடுப்படிக்குப் போனாள்.

அந்த வாரமே ஹரிபிரசாத் மாலையோடு வந்தார். முகத்தில் பெருமை வழிந்தது.

"மேடம், மாநிலத்துலயே நிழலும் நிஜமும் நூறு சதவீதம் பொருந்தின ஒரே பள்ளி உங்களுது! மத்தது எல்லாம் எண்பது, எண்பத்தஞ்சுதான். நான் அன்னைக்குச் சொன்னேன் பாருங்க, கருவியை நம்புங்கன்னு. இப்ப உங்க பள்ளிக் கணக்கைத்தான் ஆதாரமா வச்சு ஆணையம் அடுத்த முடிவு எடுத்திருக்கு. மார்ச் ரெண்டாம் தேதி எல்லா அங்கன்வாடியும் வழக்கம்போல் திறக்குது. பதினோராயிரம் மையம். முதல்ல நம்ம வட்டாரம். நீங்கதான் வட்டார ஒருங்கிணைப்பாளர்."

கழுத்தில் விழுந்த மாலையைக் கழற்றக்கூட செண்பகவல்லிக்குத் தோன்றவில்லை. அங்கன்வாடி என்றால் மூன்று வயதுப் பிள்ளைகள். இருமும்போது வாயை மூடத் தெரியாதவை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ஊட்டவேண்டும். தூக்குகிறவர்கள் எல்லாம் ஐம்பதைத் தாண்டிய பெண்கள்.

அன்று மாலை அவள் சேவியரிடம் உண்மையான அறிக்கையை அனுப்பச் சொன்னாள். திறந்த நாளிலிருந்து நடந்தது எல்லாம்: பாதி வருகை, மரத்தடி, ஏழு காய்ச்சல்.

"வேலை போயிடும் மேடம்."

"எனக்குத்தானே? உங்க பேரைச் சேர்க்கல. அனுப்புங்க."

பதில் ஒரு நிமிஷத்தில் வந்தது. "தங்கள் தரவு நிழலோடு பொருந்தவில்லை. திருத்தி மீண்டும் அனுப்பவும்." திரும்ப அனுப்பினார்கள். திரும்ப அதே பதில். ஹரிபிரசாத்துக்குப் போன் போட்டு, நான் அனுப்பியது பொய் அறிக்கை சார் என்று நேராகவே சொன்னாள். அவர் சிரித்தார். "தன்னடக்கம் இருக்கலாம் மேடம், அதுக்காக இப்படியா? அங்கன்வாடித் திறப்பு விழாவுக்கு நல்ல புடவையா கட்டிட்டு வாங்க." கடிதம் எழுதினாள். ஆணையத் தலைவருக்கு நகல் வைத்தாள். பெற்றுக்கொண்டோம் என்று தானியங்கிப் பதில் வந்தது. பொய்யை ஒரே நாளில் நம்பிய அரசாங்கம் உண்மையை நம்ப மறுத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பொய்தானே அவர்கள் கேட்ட வடிவத்தில் இருந்தது.

கடைசியில் அவள் சமையலறைக்குப் போனாள். பூங்கனி பருப்பு களைந்துகொண்டிருந்தாள். செண்பகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள். தன் பொய்தான் பதினோராயிரம் இடத்தில் போய் நிற்கிறது என்பதையும் விடாமல் சொன்னாள்.

பூங்கனி பருப்பை இன்னொரு முறை அலசினாள். பருப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கேட்டாள்: "அந்த அங்கன்வாடி நிழல்லயும் எங்களக் காங்கலையா?"

"இல்ல. டீச்சரும் பிள்ளைகளும் மட்டும்தான்."

"அப்ப நாங்க வேலைக்கு வரலன்னாலும் அவுகளுக்குத் தெரியாதுல்லா?"

மார்ச் இரண்டாம் தேதி காலை கரிசல்மடை அங்கன்வாடியில் தோரணம் கட்டியிருந்தது. ஆணையத் தலைவர் குழந்தைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதாக நிகழ்ச்சி. மூன்று கேமராக்கள் வந்திருந்தன. பதினொன்றரைக்கு அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். முன்னால் தட்டு வைத்தார்கள்.

தட்டில் எதுவும் விழவில்லை.

அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இங்கே மட்டுமல்ல. வட்டாரம் முழுக்க அங்கன்வாடியிலும் பள்ளியிலும் சமைக்கிற, கூட்டுகிற, பிள்ளையைத் தூக்குகிற நூற்று அறுபத்திரண்டு பெண்களில் ஒருத்தியும் வரவில்லை. பூங்கனி நான்கு நாள் பஸ்ஸிலும் நடந்தும் ஊர் ஊராகப் போய் ஒவ்வொருத்தியாகப் பார்த்திருந்தாள். கோஷம் இல்லை, கொடி இல்லை. அவரவர் வீட்டில் இருந்தார்கள். சில ஊர்களில் பிள்ளைகளுக்கு வாசலிலேயே கஞ்சி காய்ச்சி வைத்திருந்தார்கள் என்றும் பிறகு தெரிந்தது.

சுவரிலிருந்த திரை மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது: 'உணவு வழங்கப்பட்டது: நூறு சதவீதம்.' ஒரு மூன்று வயதுப் பிள்ளை காலித் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தது. கேமராக்கள் அதை மட்டும் விடாமல் எடுத்தன.

பிற்பகல் இரண்டு மணிக்கு செண்பகவல்லி மாவட்டத் திறப்பு அலுவலகத்தில் ஹரிபிரசாத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஒருத்தியையும் விடப்போறதில்ல. எல்லாருக்கும் குற்றக் குறிப்பாணை. ஆனா வரலன்னு பதியணும்னா முதல்ல வர்றவங்கன்னு பதிஞ்சிருக்கணுமாம். பதிவேட்டுல ஒருத்தியும் இல்ல. தலைவர்கிட்ட சிறப்பு அனுமதி வாங்கிட்டேன். மூணாவது கட்டம் போட்டுக் கொடுத்திருக்காங்க, 'பணியாளர்'னு. விவரம் எல்லாம் உங்ககிட்டத்தானே இருக்கு? சொல்லுங்க."

செண்பகவல்லி கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தாள். குரலில் எதையும் காட்டவில்லை.

"என்னென்ன வேணும் சார்?"

"மாணவிப் படிவத்தையே மாத்திக் கொடுத்திருக்காங்க. பேரு, வயசு, உடம்புக்கு என்ன, வீட்டுல யார் யாரு. எல்லாம் நிரப்பாம அடுத்ததுக்குப் போகாது. சனியன்."

"பூங்கனி. அம்பத்தெட்டு. சர்க்கரை. வீட்டுல அஞ்சு பேரு."

அவர் தட்டினார். அவள் சொல்லிக்கொண்டே போனாள். மூச்சிரைப்பு உள்ளவள், ஒற்றைச் சிறுநீரகக்காரி, வீட்டில் படுத்த படுக்கையாகக் கணவன் உள்ளவள். எழுத்துப் பிழை வந்த இடத்தில் திருத்தினாள். நூற்று அறுபத்திரண்டு பேர் முடிய மூன்று மணி நேரம் ஆனது.

"அவ்வளவுதானே?"

"இன்னும் ஒண்ணு சார். முத்துப்பேச்சி. அம்பத்தி மூணு. பனையடிக்குளம் பள்ளி. ரத்தக் கொதிப்பு."

"வராததுக்குக் காரணம்?"

"இறந்துட்டாங்க. பிப்ரவரி பதினாலு. ஆடிக் காய்ச்சல்."

ஹரிபிரசாத்தின் கை நின்றது. "அப்ப இவங்க பேரு எதுக்கு மேடம்?"

"வராதவங்க பட்டியல்தானே சார் கேட்டீங்க? அவங்களும் வரல."

அவர் அவளைப் பார்த்தார். களைத்திருந்தார். வாதாடத் தெம்பில்லாமலோ, சீக்கிரம் முடித்தால் போதும் என்றோ, அந்தப் பெயரையும் தட்டி, தேதியையும் போட்டு, 'பதிவு செய்க' என்பதை அழுத்தினார்.

பதிவேடு மாறினால் நிழல் தானாக ஒருமுறை ஓடும். அவருக்கு அது மறந்துபோயிருந்தது. முதலில் பனையடிக்குளம் சிவந்தது, அங்கே ஒரு சாவு ஏற்கெனவே நடந்து முடிந்திருந்ததால். பிறகு ஒவ்வொரு ஊராகச் சிவந்தது. பதினோரு நிமிஷத்தில் வட்டாரத்தில் ஒரே ஒரு பொட்டுதான் பச்சையாக இருந்தது. கரிசல்மடைப் பள்ளிக்கு மட்டும் மரத்தடி ஏற்பாட்டை முந்தின இரவே சேவியர் மறுபடி உள்ளே போட்டுவைத்திருந்தார்.

ஹரிபிரசாத் அவசரமாகப் பூங்கனியைத் தேர்ந்து 'நீக்கு' என்பதை அழுத்தினார். 'ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் உள்ளவரை நீக்க இயலாது' என்று பதில் வந்தது. அடுத்தவளுக்கும் அதுவே வந்தது.

"மேடம், இதை எப்படி எடுக்கிறது?"

"தெரியல சார். வேற துறையைத்தான் கேட்கணும்," என்று செண்பகவல்லி எழுந்தாள்.

நான்காம் நாள் புதிய ஆணை வந்தது. அங்கன்வாடிகளின் திறப்பு ஒத்திவைக்கப்படுகிறது. பள்ளிகள் ஒருநாள் விட்டு ஒருநாள், திறந்த வெளியில் நடக்கும். தீவிர ஆய்வுக்குப் பின் ஆணையமே கண்டறிந்த 'காற்றோட்டத் திட்டம்' என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். அதே தபாலில், முன் அனுமதியின்றி அதே காரியத்தை ஜனவரி முதல் செய்தமைக்காகவும் பொய் அறிக்கை அனுப்பியமைக்காகவும் செண்பகவல்லிக்குக் குற்றக் குறிப்பாணை. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். பொய் அறிக்கை என்ற இரண்டாவது குற்றத்துக்கு மறுப்பு எழுதுவதாக அவளுக்கு எண்ணம் இல்லை.

சனிக்கிழமை மதியம் திடலில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பூங்கனி இரண்டு உறைகளோடு வந்தாள். மரத்திலிருந்து நாலடி தள்ளி நின்றாள்.

"எனக்கும் வந்துட்டு பெரிய டீச்சர். முப்பது வருசத்துல எம் பேரப் போட்டு சர்க்கார்ல இருந்து வந்த மொதக் கடுதாசி." இன்னொரு உறையை நீட்டினாள். "இது தங்கச்சிக்கி. வீட்டு வாசல்ல போட்டுட்டுப் போயிருக்காவ."

செண்பகவல்லி பிரித்துப் படித்தாள். திருமதி முத்துப்பேச்சி, மார்ச் இரண்டாம் தேதி பணிக்கு வராமைக்கான காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் சொல்வதற்கு ஏதுமில்லை எனக் கருதப்படும்.

"இதுக்கு யாரு பதில் எழுதணும்?" என்று பூங்கனி கேட்டாள்.

செண்பகவல்லி வேப்பமரத்தடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து தாளை எடுத்தாள். 'ஐயா, நான் பனையடிக்குளம் பள்ளியில் சமைத்து வந்தேன்' என்று எழுதி, படித்துக்காட்டினாள்.

"பத்தொம்பது வருசம்னு போடுங்க," என்றாள் பூங்கனி.

போட்டாள்.